இளைப்பு நோய்க்கு ஒரு வகுப்பு: அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள்?

மூச்சிரைப்புக்கு மருத்துவர் ரோட்டாகேப் எழுதித் தருகிறார். மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்தால் சாதாரண கேப்சூல் மாத்திரை போலவே இருக்கிறது. நோயாளி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றி அதை விழுங்கிவிடுகிறார். கேப்சூலை ஒரு கருவியில் போட்டுத் திறந்து, உள்ளே இருக்கும் பொடியை வாயால் உறிஞ்ச வேண்டும் என்று யாரும் அவருக்குச் செய்து காட்டவில்லை. நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து வயிற்றுக்குப் போகிறது. அடுத்த மாதம் "மருந்து கேட்கவே இல்லை டாக்டர்" என்று வந்து நிற்கிறார்.

படிப்பறிவு இல்லாதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய்க்கான சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'கோல்டு' என்ற பன்னாட்டு அமைப்பின் அறிக்கை, இன்ஹேலர் பயன்படுத்துவோரில் மூன்றில் இரண்டு பேருக்கும் மேல் ஏதாவது ஒரு பிழையாவது செய்கிறார்கள் என்கிறது. உலகம் முழுவதும் இதே நிலைதான். மருந்து சரியாக இருக்கிறது, நோயைச் சரியாகக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். கடைசிப் படி மட்டும், அதாவது அந்த மனிதர் தன் வீட்டில் தன் கையால் செய்ய வேண்டிய வேலை மட்டும் தவறிப்போகிறது.

இந்தக் கடைசிப் படியைக் கற்றுத் தருவதற்குத்தான் நோயாளிகளுக்கான வகுப்புகள். நுரையீரல் நோயாளிகளுக்கு நடத்தும்போது, உடற்பயிற்சியும் சேர்ந்து 'நுரையீரல் மறுவாழ்வு' என்ற பெயரில் அவை நடக்கின்றன. நம் ஊரில் பலரும் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. அதனால் அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

நோய் என்ன செய்கிறது?

ஊரில் 'இளைப்பு', 'வீசிங்' என்று சொல்லும் தொல்லைக்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். அவற்றில் முக்கியமானது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனைச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருப்பார்கள். இந்தியாவில் 2016-இல் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு வரும் நோய் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் ஒரு பீடியைக்கூடத் தொடாமல், முப்பது நாற்பது வருடம் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து சமைத்த பெண்களுக்கும் இதே நோய் வருகிறது. கல்குவாரித் தூசு, பஞ்சாலைத் தூசு, சிறு வயதில் வந்த காசநோய் ஆகியவையும் காரணமாகலாம்.

பல வருடப் புகையால் மூச்சுக்குழாய்களின் உள்சுவர் வீங்கித் தடித்து, சளி அதிகமாகச் சுரக்கிறது. குழாயின் முனையில் இருக்கும் நுண்ணிய காற்றறைகளும் சிதைகின்றன. நல்ல நுரையீரலில் இந்த அறைகளுக்கு ரப்பர் போன்ற இழுவை உண்டு. அந்த இழுவைதான் காற்றை வெளியே தள்ளுகிறது, குழாய்களையும் திறந்து வைத்திருக்கிறது. அது போய்விட்டால், மூச்சை வெளியே விடும்போது குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளே போய்விடும், முழுதாக வெளியே வராது.

புதிதாகக் கேட்பவர்கள் சட்டென்று பிடிபடாமல் தடுமாறும் இடம் இதுதான். நோயாளிக்குக் "காற்று பத்தவில்லை" என்று தோன்றுகிறது. உண்மையில் பழைய காற்று வெளியேறாமல் நெஞ்சில் தேங்கி நிற்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றப் பார்ப்பது போல, அவர் இன்னும் வேகமாக இழுக்க இழுக்க நெஞ்சு இன்னும் உப்புகிறது, மூச்சு இன்னும் திணறுகிறது. வேகமாக நடந்தாலோ படியேறினாலோ இந்தத் தேக்கம் கூடுகிறது. வகுப்பில் கற்றுத் தரும் பல விஷயங்களுக்கு இந்த ஒரு செய்திதான் அடிப்படை. இது புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் பொருந்தும்.

நோயை உறுதி செய்ய ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துவிட்டு ஊதச் சொல்லும்போது, முழு மூச்சில் வெளிவரும் மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் வெளியேறும் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். எக்ஸ்ரே மட்டும் எடுத்து இந்த நோயை முடிவு செய்துவிட முடியாது. ஊதிப் பார்க்காமலே வருடக்கணக்கில் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேட்பது நல்லது.

ஓய்வெடுக்கச் சொன்ன காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொன்ன அறிவுரை எளிமையானது: மூச்சு வாங்கினால் அசையாமல் இருங்கள். 1950-களில் அமெரிக்க மருத்துவர் ஆல்வன் பராக், நடக்கப் பழகிய நோயாளிகள் தேறுவதைக் கவனித்து எழுதினார். அப்போது அதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960-களின் பிற்பகுதியில் கொலராடோவின் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், தேவைப்பட்டால் ஆக்சிஜன் என்று எல்லாவற்றையும் ஒரே திட்டமாக்கினார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் நுரையீரல் மறுவாழ்வு வகுப்புகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

ஓய்வு ஏன் கெடுதல் செய்தது? மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்ததும் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசை சின்ன வேலைக்கே களைத்து, அதிக மூச்சைக் கேட்கிறது. அதனால் மூச்சு இன்னும் வாங்குகிறது, நடை இன்னும் குறைகிறது. முதலில் சந்தைக்குப் போவது நிற்கும், அப்புறம் தெருமுனைக் கடை, அப்புறம் வாசல் திண்ணை. கடைசியில் கட்டிலும் கழிப்பறையும் மட்டும் மிச்சம். நுரையீரல் மேலும் கெடாமல் அதே நிலையில் இருக்கும்போதே இவ்வளவும் நடக்கிறது என்பதுதான் வேதனை. அதே சமயம் நம்பிக்கைக்கும் இடம் இங்கேதான். சிதைந்த காற்றறைகள் திரும்ப வளராது. ஆனால் கால் தசையை அறுபது வயதிலும் எழுபது வயதிலும் பலப்படுத்த முடியும்.

வகுப்புக்குள்

பொதுவாக 6 முதல் 12 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். ஏழெட்டுப் பேர், சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு பேர். பிசியோதெரபிஸ்ட்தான் பெரும்பாலும் நடத்துவார். செவிலியர், நெஞ்சக மருத்துவர், உணவு ஆலோசகர் ஆகியோர் இடையிடையே வருவார்கள்.

முதல் நாளில் ஆறு நிமிட நடைப் பரிசோதனை இருக்கும். 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு நடக்கச் சொல்வார்கள். வேகம் நம் விருப்பம். நடுவில் நின்று சுவரில் சாய்ந்துகொள்ளலாம். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டியிருப்பார்கள். வகுப்பு முடியும்போது இதே நடையை மறுபடி நடத்துவார்கள். 30 மீட்டர் அளவுக்குக் கூடியிருந்தாலே அது அன்றாட வாழ்வில் தெரியும் முன்னேற்றம். வீட்டுக் கழிப்பறைக்கு இடையில் உட்காராமல் போய்வர அந்த 30 மீட்டர் போதும்.

பிறகு மூச்சுப் பழக்கம். உதட்டைக் குவித்து மூச்சு விடுவதுதான் முதல் பாடம். மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் உள்ளே இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். உதடு குவிந்திருப்பதால் உள்ளே சற்று அழுத்தம் நிற்கிறது. அது மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது. தேங்கிய காற்று வெளியேற அவகாசம் கிடைக்கிறது. செலவில்லாதது, எந்த இடத்திலும் செய்யக்கூடியது. மூச்சுத் திணறும்போது உட்காரும் முறையையும் சொல்லித் தருவார்கள்: நாற்காலியில் சற்று முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்வது. நின்றுகொண்டிருந்தால் சுவரிலோ மேசையிலோ கைகளை ஊன்றலாம். திணறும் ஆளை அவசரமாகப் படுக்க வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அது பெரும்பாலும் கஷ்டத்தைக் கூட்டும்.

இதைத் தினசரி வேலைகளோடு சேர்த்துப் பழக்குவதுதான் நல்ல வகுப்புக்கு அடையாளம் என்பேன். சக்தி செலவாகும் நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும்: தண்ணீர் வாளியைத் தூக்கும்போது, குனிந்து செருப்பு மாட்டும்போது, ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி ஏறும்போது. குளிக்கும்போது முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். தலை துவட்ட இரண்டு கையையும் நீண்ட நேரம் உயர்த்தினால் மூச்சு வாங்கும். துண்டைத் தலையில் சுற்றிவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுத்தால் போதும். கீழே குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை இந்த நோயாளிகளுக்குப் பெரும் பாடு; வயிறு மடங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, எழுந்திருக்கவும் தெம்பு வேண்டும். மேல்நாட்டுப் பாணிக் கழிப்பறை கட்ட வசதியில்லை என்றால், துளை போட்ட நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். வெட்கப்பட்டு யாரும் வாய்விட்டுச் சொல்லாத இந்த மாதிரி விஷயங்கள், ஒரே நோய் உள்ள நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வெளியே வருகின்றன.

நடைப்பயிற்சியில் பயம் இருக்கும். மூச்சு வாங்கினால் ஏதோ உடைந்துவிடும் என்ற பயம். மூச்சு வாங்குவது வேறு, ஆபத்து வேறு என்பதைப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று, விரலில் கருவி மாட்டி, உடம்பே உணரும்படி செய்து காட்டுகிறார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவு, ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம். கையில் சிறு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தூக்கும் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி எல்லாம் இதோடு சேரும்.

இன்ஹேலர்: கையில் வாங்கிப் பார்ப்பது

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். அழுத்தி அடிக்கும் பஃப் என்றால்: நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்தி, இழுத்ததைப் பத்து நொடி உள்ளே நிறுத்தி, அப்புறம்தான் விட வேண்டும். இரண்டாவது பஃப் வேண்டுமானால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பொடியை உறிஞ்சும் ரோட்டாஹேலர் வகை நேர் எதிரானது. அதில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது. கருவிக்குள் மூச்சை ஊதவும் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் முறையை மற்றதில் செய்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

கைக்கும் மூச்சுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்பேசர் என்ற குழலை இடையில் மாட்டிக்கொள்ளலாம். அழுத்திய மருந்து குழலுக்குள் நிற்கும், நிதானமாக இழுக்கலாம். அதைக் கழுவிய பிறகு துணியால் துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி மருந்தைச் சுவரில் ஒட்ட வைத்துவிடும். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால், எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும், குரல் கம்மும்.

"பஃப் எடுத்தால் பழகிவிடும்" என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஊசி, நெபுலைசர் வைத்தால் உடனே சுகம் தெரிகிறது. அதனால் அதுதான் நல்ல மருந்து, பஃப் கடைசிக் கட்டம் என்று நினைக்கிறார்கள். உறிஞ்சும் மருந்து மிகக் குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதே பலனுக்கு மாத்திரையாகச் சாப்பிட்டால் பல மடங்கு அளவு உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். தினமும் வேண்டியிருப்பதற்குக் காரணம் நோய் தினமும் இருப்பதுதான். இதைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது. அவர் பயத்தை முழுதாகச் சொல்ல விட்டு, பிறகு பேசினால்தான் காதில் ஏறும்.

நல்ல ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்க மாட்டார். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் உங்கள் மகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள்" என்பார். பிழை தெரிந்தால் மறுபடி தானே செய்து காட்டி, மறுபடி வாங்கிப் பார்ப்பார். அடுத்த வாரம் மறுபடியும். ஒரு முறை சரியாகச் செய்தவர்களும் சில மாதங்களில் பழைய பிழைக்குத் திரும்புவதால், ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் கருவியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். புறநோயாளி வரிசை வாசல் வரை நிற்கும் இடத்தில் மருத்துவருக்கு இதற்கு நேரம் இல்லை. அதை மறுக்க முடியாது. அந்த நேரத்தை வேறு ஒருவர் தருவதற்காகத்தான் வகுப்பே.

மூன்று நிறத் தாள்

வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போகும் முக்கியமான பொருள் ஒரு தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதி. பச்சை என்றால் வழக்கமான நாள்: வழக்கமான மூச்சு வாங்கல், வழக்கமான சளி, வழக்கமான மருந்து. மஞ்சள் என்றால் ஏதோ மாறுகிறது: வழக்கத்தைவிட மூச்சு அதிகம் வாங்குகிறது, சளி கூடியிருக்கிறது, நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும், திணறலுக்கு உடனே எடுக்கும் நிவாரணப் பஃபை எத்தனை முறை கூட்டலாம், மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த மாத்திரைகள் இருந்தால் எப்போது தொடங்குவது, யாருக்குப் போன் செய்வது என்று அதில் எழுதியிருக்கும். சிவப்பு: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் அல்லது தூங்கித் தூங்கி விழுகிறார். உடனே 108.

மஞ்சள் கட்டம்தான் இதில் உயிர். நம் வீடுகளில் மூன்று நான்கு நாள் "சளி பிடிச்சிருக்கு, சரியாகிடும்" என்று கஷாயத்தோடு ஓட்டிவிட்டு, நள்ளிரவில் திணறலோடு ஆட்டோ தேடுகிறோம். இப்படி ஒவ்வொரு முறை நோய் திடீரென்று தீவிரமாகும்போதும் நுரையீரல் கொஞ்சம் பின்னுக்குப் போகிறது, பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. முதல் நாளே அடையாளம் கண்டால் பல சமயம் வீட்டிலேயே சமாளிக்கலாம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தாளை மருத்துவர் அந்த நோயாளிக்கென்றே எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் தாளைப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவது ஆபத்து, அதுவும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால்.

தாளைக் குடும்பத்தில் இன்னொருவரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உடம்பில் கரியமில வாயு ஏறும்போது வரும் குழப்பமும் தூக்கமும் நோயாளிக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆக்சிஜன், சாப்பாடு, புகை

வீட்டில் ஆக்சிஜன் எல்லோருக்கும் தேவையில்லை. ஓய்வாக இருக்கும்போதே ரத்தத்தில் அளவு மிகக் குறைந்து, 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலைத்துவிட்டவர்களுக்கு, பரிசோதித்துத்தான் எழுதுகிறார்கள். எழுதினால் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்க வேண்டும். திணறும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்து எடுத்தால், ஆயுளை நீட்டிக்கும் பலன் கிடைக்காது.

கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் கருவி இருக்கிறது. 95-க்குக் கீழே போனால் பதற்றம். சி.ஓ.பி.டி. முற்றியவர்களில் பலருக்கு 90, 91 என்பதே வழக்கமான அளவு. இவர்களில் சிலருக்கு ஆக்சிஜனை அதிகமாகத் திறந்துவிட்டால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். அதனால்தான் நோய் திடீரென்று தீவிரமாகும் நேரத்தில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸில் வரும்போது இப்படி அளவாக ஆக்சிஜன் பெற்றவர்களில் இறந்தவர்கள், தாராளமாகப் பெற்றவர்களைவிடக் குறைவு. வீட்டில் குமிழைத் திருகி "கொஞ்சம் கூட்டி வைப்போம்" என்று பாசத்தோடு செய்பவர்களுக்கு இதை வகுப்பில் விளக்குகிறார்கள். அந்த அறையில் பீடி, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது என்பதையும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரிக்கலாம். இந்த நோயில் மெலிவது நல்ல அறிகுறி அல்ல. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் என்று புரதம் சேர வேண்டும். "சளிக்கு ஆகாது" என்று வாழைப்பழம், தயிர், முட்டை என ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் கஞ்சி மட்டும் குடிக்கும் முதியவர்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் வகுப்பில் பேசுவார்கள்.

புகையை நிறுத்துவதுதான் நோயின் வேகத்தைக் குறைக்கும் மிகப் பெரிய வழி. நிறுத்தாதவரைத் திட்டி வெளியே அனுப்புவதால் எந்தப் பயனும் இல்லை. பீடி ஓர் அடிமைத்தனம், அதற்குச் சிகிச்சை உண்டு. 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம். விறகடுப்பு விஷயத்தில் பெண்ணிடம் மட்டும் பேசிப் பயனில்லை. சிலிண்டர் வாங்குவது, சமையலறையில் சன்னல் வைப்பது, வெந்நீருக்கு மட்டுமாவது வேறு வழி பார்ப்பது எல்லாம் வீட்டில் பணத்தைக் கையில் வைத்திருப்பவரின் முடிவு. அவரும் வகுப்புக்கு வர வேண்டும்.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

உடற்பயிற்சி சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வைப் பொறுத்தவரை சந்தேகமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மூச்சு வாங்கல், நடைதூரம், வாழ்க்கைத்தரம் மூன்றும் மேம்படுவதை உறுதி செய்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இதை நிரூபிக்க இனி ஆய்வே தேவையில்லை என்கிற அளவுக்கு எழுதியது.

விளக்கமும் செயல்திட்டமும் மட்டும் தரும் வகுப்புகளின் கதை இவ்வளவு நேராக இல்லை. கனடாவின் கியூபெக்கில் ஷான் பூர்போ குழுவினர் 191 நோயாளிகளிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாதம் வாரந்தோறும் வீட்டுக்கே போய்க் கற்றுக் கொடுத்து, பிறகு மாதந்தோறும் போனில் பேசினார்கள். நோய் திடீரென்று தீவிரமாகி மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அதன்பின் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு 2012-இல் வெளியானது. அதை நடுவிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. கற்றுக்கொண்ட பிரிவில் 28 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 10 பேரும் இறந்திருந்தார்கள். காரணத்தை ஆய்வாளர்களால் முழுதாக விளக்க முடியவில்லை. 2022-இல் இத்துறை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வில், மொத்தத்தில் இவ்வகைத் திட்டங்களால் வாழ்க்கைத்தரம் கூடுவதும், மூச்சுக் கோளாறால் மருத்துவமனை சேர்வது குறைவதும், அந்தக் காரணத்தால் வரும் மரணம் கூடாததும் தெரிந்தன.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. தாளையும் மாத்திரையையும் கையில் கொடுத்து "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவதைக் கல்வி என்று சொல்லக் கூடாது. மஞ்சள் கட்டம் வரும் அன்று போன் எடுக்க அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். மருத்துவமனையின் செலவைக் குறைக்கும் குறுக்குவழியாக இதைப் பார்ப்பவர்கள் அந்த ஆளைத்தான் முதலில் நீக்குவார்கள். அதை நோயாளிகள் ஏற்கக் கூடாது.

மற்ற நோய்களுக்கு

இந்த வழி நுரையீரலோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் முதலில் மூட்டுவலிக்காரர்களுக்கும், பிறகு இதயம், நுரையீரல், பக்கவாதம், மூட்டு என எந்த நாள்பட்ட நோய் உள்ளவர்களும் சேர்ந்து உட்காரும் வகுப்பையும் உருவாக்கினார். ஆறு வாரம், வாரம் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். நடத்துபவர்களே பெரும்பாலும் நோயோடு வாழ்கிறவர்கள்தான். ஒவ்வொரு வாரமும் ஆளுக்கொரு சின்னத் திட்டம் சொல்ல வேண்டும்: "திங்கள், புதன், வெள்ளி காலையில் தெருமுனை வரை நடப்பேன்." முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சிறியதாக்குவார்கள். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று குழுவே கேட்கும்.

சர்க்கரை நோய் வகுப்பில் தாழ்சர்க்கரை முக்கியமான பாடம்: அளவு 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, கால் மணி நேரத்தில் மறுபடி பரிசோதனை. தினமும் இரவில் பாதத்தைப் பார்ப்பது இன்னொரு பாடம். இதயம் பலவீனமானவர்களுக்குத் தினமும் காலையில் எடை பார்ப்பது. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது நீர், உடனே தெரிவிக்க வேண்டும். ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று நோய் இருப்பதுதான் நம் ஊர் நிலை என்பதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பேசும் வகுப்புதான் நமக்கு அதிகம் பொருந்தும்.

எங்கே கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கின்றன. "நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இங்கே உண்டா?" என்று நேராகக் கேட்கலாம். பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் உண்டு. தனி வகுப்பு இல்லாத இடத்தில்கூட பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உங்கள் நடையைச் சோதித்து, வீட்டில் செய்ய ஒரு பயிற்சித் தாள் தர முடியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபிச் சேவையும் இருக்கிறது. வெளியே நடமாட முடியாதவருக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும், நெஞ்சுவலி கட்டுப்படாமல் இருப்பவர்களும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் உடற்பயிற்சி தொடங்கக் கூடாது. மற்றபடி "எனக்கு நோய் முற்றிவிட்டது, இனி வகுப்பு எதற்கு" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஆக்சிஜன் வைத்துக்கொண்டே பயிற்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். நோய் திடீரென்று தீவிரமாகி மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் தொடங்குவதற்கு நல்ல காலம் என்று நெறிமுறைகள் சொல்கின்றன.

முதல் நாள் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா இன்ஹேலர்களையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஊதிப் பார்த்த பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு, காலை இறுக்காத செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில் ஆகியவற்றோடு, இரவில் பக்கத்தில் இருக்கும் ஆளையும் கூட்டிச் செல்லுங்கள்.